டிஸ்கிளைமர்: பொறுப்பைத் துறக்க முடியுமா?

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்க உதவும் ஃப்ளைட் சிமுலேட்டருக்காக ஒருவர் செய்த விமானத்தையோ விமான நிலையத்தையோ இணையத்திலிருந்து இறக்கிப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு ரீட்மீ கோப்பு இருக்கும். முதலில் நிறுவும் முறை, பிறகு நன்றி, அப்புறம் கடைசியில் இப்படி ஒரு பத்தி: “இது உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது. நிஜ விமானப் பயணத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இதனால் ஏற்படும் எந்த இழப்புக்கும் நான் பொறுப்பல்ல.” இதைத்தான் டிஸ்கிளைமர் என்கிறோம், தமிழில் ‘பொறுப்புத் துறப்பு’ என்று எழுதுகிறோம். இப்படிப்பட்ட கூடுதல் இணைப்புகளை, அதாவது ஆட்-ஆன்களை, செய்பவர்களில் பலர் இந்தப் பத்தியை வேறொரு ரீட்மீயிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டு, சட்டத் தொல்லை தீர்ந்தது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். தீரவில்லை.

டிஸ்கிளைம் என்பது இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் பழைய பிரெஞ்சு புழங்கிய காலத்துச் சொல். ‘கிளைம்’ என்பதன் வேர் லத்தீனின் ‘கிளாமாரே’, அதாவது உரக்கக் கூவுதல். இது என்னுடையது என்று எல்லார் முன்னிலும் கூவுவது கிளைம். அந்த உரிமைக் கோரிக்கையைக் கைவிடுவது டிஸ்கிளைம். ஆக, தொடக்கத்தில் ஒருவர் கைவிட்டது தன் உரிமையை, பிறருக்குத் தர வேண்டியதை அல்ல. தமிழின் ‘துற’ என்ற வினையும் அப்படித்தான். வீட்டைத் துறக்கலாம், செல்வத்தைத் துறக்கலாம். வாங்கிய கடனை யாரும் துறக்க முடியாது. கொடுத்தவர் தள்ளுபடி செய்தால்தான் உண்டு.

பொறுப்பு என்ற சொல்லுக்கு வேர் ‘பொறு’, சுமையைத் தாங்குதல். ‘பொறை’ என்றால் சுமை என்றும் பொருள், பொறுமை என்றும் பொருள். இதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் லையபிலிட்டி வேறு படிமத்திலிருந்து வந்தது: லத்தீனில் ‘லிகாரே’ என்றால் கட்டுதல், அது பிரெஞ்சில் ‘லியே’ ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. தமிழில் உள்ள சிக்கல், வீட்டுப் பொறுப்பு, வகுப்புப் பொறுப்பு என்று எல்லாவற்றுக்கும் இதே சொல்லைச் சொல்கிறோம் என்பது. அதனால் வழக்கு, இழப்பீடு என்ற இடங்களில் ‘சட்டப் பொறுப்பு’ என்று சேர்த்து எழுதுவதே சரி. சிலர் ‘கடப்பாடு’ என்கிறார்கள். கைம்மாறு கருதாத கடமையைச் சொல்லத் திருக்குறள் எடுத்த சொல் அது. செய்ய வேண்டிய கடமைக்கு அதை வைத்துக்கொள்ளலாம். தவறு நடந்த பிறகு தலையில் விழும் சுமைக்குச் சட்டப் பொறுப்புதான் பொருந்தும்.

இதோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு சொல் லைசென்ஸ். லத்தீனில் ‘லிசெரே’, அனுமதிக்கப்பட்டிருத்தல். தமிழில் உரிமம். ‘உரிமை’யின் பக்கத்திலேயே நிற்பதால் உரிமம் வாங்கினால் பொருளே நம்முடையது என்ற எண்ணம் வருகிறது. உண்மையில் அது எல்லை போட்டுத் தரும் அனுமதி மட்டுமே. லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் 2009-ல் மைக்ரோசாஃப்டின் சிமுலேட்டர் நிரலுக்கு உரிமம் பெற்று, 2010-ல் பிரிபேர்3டி என்று வெளியிட்டது. அதன் உரிம ஒப்பந்தம், தனிநபரின் பொழுதுபோக்குக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது, பயிற்சி போன்றவற்றுக்கே பயன்படுத்தலாம் என்கிறது. பார்வைக்கு ஒரே மாதிரியான மென்பொருள்தான், அனுமதியின் எல்லை வேறு. அதற்கு ஆட்-ஆன் செய்து விற்பவர் தெரிந்தோ தெரியாமலோ பயிற்சிச் சந்தைக்குள் வந்துவிடுகிறார்.

ஆட்-ஆன் படைப்பாளியின் வாங்கும் கையிலும் உரிமம், கொடுக்கும் கையிலும் உரிமம். விமான நிலையத்தின் தரைப்படத்துக்கு வான்வழிப் படம் ஒருவருடையது. எஞ்சின் ஒலியைப் பதிவு செய்தவர் இன்னொருவர். விமானத்தின் பெயரும் சின்னமும் தயாரிப்பாளருடையவை. விமான ஆட்-ஆன்கள் செய்யும் பிஎம்டிஜி போன்ற நிறுவனங்கள் போயிங்கிடம் முறையாக உரிமம் பெற்றே அந்தப் பெயரில் விற்கின்றன. வாங்காத அனுமதியைப் பயனருக்குக் கொடுக்க முடியாது, இலவசமாகக் கொடுத்தாலும்கூட. ‘காசு வாங்கவில்லையே’ என்பது பதிப்புரிமை வழக்கில் இழப்பீட்டுத் தொகையைக் குறைக்க உதவலாம், மீறலை இல்லாமல் ஆக்காது. இலவச மென்பொருளையும் கட்டற்ற மென்பொருளையும் ஒன்றாக நினைப்பதும் இங்கேதான் இடிக்கிறது. ஃப்ளைட்கியர் சிமுலேட்டர் கட்டற்ற மென்பொருளுக்கான ஜிபிஎல் என்ற பொது உரிமத்தில் வருகிறது. அதை எடுத்து மாற்றிக் காசுக்கு விற்கக்கூடச் செய்யலாம், ஆனால் மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும்.

உரிமம் சார்ந்த ஆபத்து எந்தத் திசையிலிருந்தும் வரும். எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரைச் செய்யும் லாமினார் ரிசர்ச் மீது 2012-ல் யூனிலாக் என்ற நிறுவனம் வழக்குத் தொடுத்தது. எக்ஸ்-பிளேன் யாருடைய எதையும் நகல் எடுக்கவில்லை. வாங்கியவரிடம் உரிமம் இருக்கிறதா என்று ஆண்ட்ராய்டில் சரிபார்த்ததே தங்கள் காப்புரிமையை (பேடண்ட்) மீறுகிறது என்பதுதான் வாதம். அந்தக் காப்புரிமை செல்லாது என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் 2016-ல் சொல்வதற்குள் நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. இதைவிடக் கடுமையானது இன்னொன்று. போர் விமான சிமுலேட்டர் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர் எஃப்-16 விமானத்தின் கையேடுகளை இணைய ஏலத்தில் வாங்கி அமெரிக்காவுக்கு வெளியே வரவழைக்க முயன்றதற்காக, 2019-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தின் கீழ்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார். காக்பிட்டைத் துல்லியமாகச் செய்ய வேண்டும் என்ற ஆர்வம் எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்தத் துறையில் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வழக்கு இது. ரீட்மீயின் எந்த வரியும் இங்கே உதவாது.

சரி, ‘நிஜப் பயணத்துக்கு அல்ல’ என்ற வரி எதற்கு?

1964-ல் பொனான்சா நிறுவனத்தின் விமானம் ஒன்று லாஸ் வேகாஸில் இறங்க வரும்போது மலையில் மோதியது. இருந்த 29 பேரும் இறந்தார்கள். விமானிகளிடம் இருந்தது ஜெப்பசன் நிறுவனத்தின் அணுகுமுக வரைபடம், அதாவது ஓடுபாதையை நெருங்கி இறங்கும் வழியைக் காட்டும் படம். அதில் மேலிருந்து பார்க்கும் படம் 15 மைல் தொலைவில் குறைந்தபட்ச உயரம் 6000 அடி என்று காட்டியது. அதன் கீழே பக்கவாட்டுப் படம் 3 மைலில் 3100 அடி என்று காட்டியது. இரண்டுமே ஒரே அளவுகோலில் வரைந்ததுபோலக் கண்ணுக்குத் தெரிந்தன. உண்மையில் ஐந்து மடங்கு வித்தியாசம். எண்கள் எல்லாம் சரி, வரைந்த விதம்தான் கோளாறு. 1981-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அந்த வரைபடத்தைக் குறைபாடுள்ள பொருளாகவே பார்த்தது.

பத்து ஆண்டு கழித்து, 1991-ல், அதே நீதிமன்றத்துக்கு வேறொரு வழக்கு வந்தது. ஒரு காளான் நூலை நம்பிப் பறித்துச் சாப்பிட்ட இருவருக்குக் கல்லீரல் மாற்ற வேண்டியதாயிற்று. பதிப்பாளர் பொறுப்பல்ல என்று தீர்ப்பானது: நூலில் இருப்பது கருத்து, விமான வரைபடமோ திசைகாட்டியைப் போன்ற கருவி. அதே தீர்ப்பு, எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த விளைவைத் தராத கணினி மென்பொருளும் கருவியின் பக்கம் சேரலாம் என்று போகிற போக்கில் சொல்லிச் சென்றது. சிமுலேட்டருக்கு வழிகாட்டுத் தரவும் வரைபடமும் செய்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

‘நிஜப் பயணத்துக்கு அல்ல’ என்பது உண்மையில் துறப்பே இல்லை. இந்தக் கருவி எதற்காகச் செய்யப்பட்டது என்று எல்லை வரைகிற பயன்பாட்டு எச்சரிக்கை அது. அதனால்தான் அதற்கு வலு உண்டு. ஆனால் விற்பனைப் பக்கத்தில் ‘நிஜ விமானிகளே இதில் பயிற்சி எடுக்கிறார்கள்’ என்று எழுதிவிட்டு ரீட்மீயில் இந்த வரியைப் போட்டால், படைப்பாளி தன் கையாலேயே அந்த எல்லையை அழிக்கிறார்.

மற்ற வரிகளை ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. 15-ஆம் பிரிவு ‘இது சரியாக வேலை செய்யும் என்று உறுதி தரவில்லை’ என்கிறது. இதை உத்தரவாத மறுப்பு எனலாம். 16-ஆம் பிரிவு ‘இழப்பு வந்தால் நான் ஈடுகட்ட மாட்டேன்’ என்கிறது. இதற்குப் பொறுப்பு வரம்பு என்பது பொருத்தம். இரண்டுமே சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு என்ற நிபந்தனையோடு வருகின்றன. ரீட்மீயிலிருந்து ரீட்மீக்கு நகலாகும்போது முதலில் உதிர்வது இந்த நிபந்தனைதான்.

அந்த அளவு இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுப் பொருள் பொறுப்பு ஆணை மென்பொருளையும் பொருள் என்றே சேர்த்துவிட்டது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9-க்குள் இதைத் தங்கள் சட்டமாக்க வேண்டும். உயிரிழப்பு, காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றோடு தனிநபரின் தரவு அழிவதும் இழப்பில் அடங்கும். ஒப்பந்த வரி போட்டு அந்தப் பொறுப்பிலிருந்து விலக முடியாது. வணிக நோக்கமில்லாமல் தரப்படும் திறமூல மென்பொருளுக்கு மட்டும் விலக்கு உண்டு. காசுக்கு விற்கும் ஆட்-ஆனின் நிறுவி (இன்ஸ்டாலர்) பயனரின் கோப்புகளை அழித்துவிட்டால், அங்கே ‘நான் பொறுப்பல்ல’ என்ற பத்தி நிற்காது.

வேண்டுமென்றே செய்த கெடுதலுக்கோ எங்கேயும் மறைப்பு கிடைப்பது கடினம். 2018-ல் ஃப்ளைட் சிம் லேப்ஸ் நிறுவனத்தின் ஏ320 விமான ஆட்-ஆனின் நிறுவியில், குரோம் உலாவியின் கடவுச்சொற்களை எடுக்கும் நிரல் ஒன்று இருந்தது தெரியவந்தது. திருட்டு உரிம எண்ணோடு நிறுவியவரைப் பிடிக்கவே வைத்தோம் என்று நிறுவனம் விளக்கம் சொல்லி, அதை நீக்கியது. உரிமத்தை மீறியவர் மீது வழக்குப் போடலாம். அவருடைய கடவுச்சொல்லைத் தொடும் அனுமதியை அந்த மீறல் தருவதில்லை.

கடைசியாக ஒரு சொல்: இண்டெம்னிட்டி. லத்தீனில் ‘சேதமின்றி’ என்ற பொருளிலிருந்து வந்தது, தமிழில் ஈட்டுறுதி. ஆட்-ஆன்களை விற்றுத்தரும் கடைகளின் ஒப்பந்தங்களில் இது சாதாரணமாக இருக்கும்: இந்தப் பொருளால் கடைமீது வழக்கு வந்தால் செலவையும் இழப்பீட்டையும் படைப்பாளியே தர வேண்டும். பயனரிடம் ‘நான் பொறுப்பல்ல’ என்று எழுதிய அதே ஆள், கடையிடம் ‘எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு’ என்று கையெழுத்துப் போட்டிருப்பார். ஈட்டுறுதிக்கு உச்சவரம்பு ஏதும் எழுதியிருக்கிறதா, தன் விற்பனை வருவாயைத் தாண்டியும் அது போகுமா என்று பார்த்துவிட்டு, வரம்பு இல்லையென்றால் ஒன்று போடச் சொல்லிக் கேட்க வேண்டும். கையெழுத்துக்கு முன்பு கேட்டால்தான் அது நடக்கும்.