டிஸ்க்கை அழித்துவிட்டீர்கள், பிஎம்சியை?

சர்வர் பராமரிப்பு என் தொழில். அதனால் பழைய சர்வர் வாங்கி வீட்டில் வைக்கிறவர்கள் அடிக்கடி என்னைக் கூப்பிடுவார்கள். அண்மையில் ஒருவர் வாங்கிய சர்வரைப் பார்க்கப் போனேன். டிஸ்க்குகளை முழுக்க அழித்து, லினக்ஸைப் புதிதாக நிறுவி வைத்திருந்தார். சர்வர் அணைந்துதான் இருந்தது. ஆனால் பின்பக்கம் நெட்வொர்க் போர்ட்டில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. “ஆஃப் பண்ணிட்டேனே சார், அது ஏன் எரியுது?” என்று கேட்டார்.

அதுதான் பிஎம்சி, அதாவது பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர். மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் தனிக் குட்டிக் கணினி. டெல் அதை ஐடிராக் என்கிறது, ஹெச்பி ஐஎல்ஓ என்கிறது. பவர் கேபிள் செருகியிருந்தாலே போதும், சர்வர் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும். தொலைவிலிருந்தே சர்வரை ஆன் செய்யலாம், திரையைப் பார்க்கலாம், பயாஸில் நுழையலாம், வேறொரு ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் டிஸ்க்கின் நகல்) மாட்டி பூட் செய்யலாம். டிஸ்க் என்கிரிப்ட் செய்யப்படாமல் இருந்தால், உங்கள் ரூட் (லினக்ஸின் தலைமைக் கணக்கு) பாஸ்வேர்டையே மாற்றிவிடலாம். பிஎம்சியின் அமைப்புகள் அதற்கென்று உள்ள ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கின்றன. டிஸ்க்கை எத்தனை முறை அழித்தாலும் அவை அப்படியே இருக்கும்.

அந்தச் சர்வரில் பழைய அலுவலகத்தின் மூன்று பயனர் கணக்குகள் உயிரோடு இருந்தன. எச்சரிக்கை மின்னஞ்சல் போகவேண்டிய முகவரியும் அவர்களுடையதே. யாரும் கெட்ட எண்ணத்தில் விட்டுவைத்ததல்ல, மறந்துவிட்டார்கள். ஆனால் வாசல் திறந்தேதான் கிடந்தது.

வாங்கியதும் வீட்டு நெட்வொர்க்கில் செருகாதீர்கள். லேப்டாப்பில் நேரடியாகக் கேபிள் போட்டு, பிஎம்சியை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். பழைய பாஸ்வேர்டு தெரியாவிட்டாலும் பல சர்வர்களில் சிக்கல் இல்லை. அதே சர்வரின் லினக்ஸில் ரூட்டாக நுழைந்து, ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளைக் கருவி மூலம் பிஎம்சியின் பயனர் பட்டியலைப் பார்க்கலாம், பாஸ்வேர்டையும் மாற்றலாம். ரீசெட்டுக்குப் பிறகு தொழிற்சாலைப் பாஸ்வேர்டு திரும்ப வரும் என்பதை மறக்க வேண்டாம். பழைய டெல் சர்வர்களில் பயனர் பெயர் ரூட், பாஸ்வேர்டு கால்வின். பழைய சூப்பர்மைக்ரோவில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அட்மின்தான். இவை உலகத்துக்கே தெரிந்தவை. ஹெச்பி சர்வரில் தனிப் பாஸ்வேர்டு ஒட்டியிருக்கும், ஆனால் அந்தச் சீட்டை உங்களுக்கு முன் எத்தனை பேர் பார்த்தார்களோ.

அப்புறம், ஐபிஎம்ஐ. பிஎம்சியோடு பேசுவதற்கான நெறிமுறை அது. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையில், நீங்கள் யாரென்று சரிபார்க்கும் முன்பே, சரியான பயனர் பெயரைச் சொன்னவருக்கு அந்தப் பாஸ்வேர்டிலிருந்து உருவான ஹாஷை (பாஸ்வேர்டை உருமாற்றிய குறியீடு) பிஎம்சி அனுப்பிவிடும். அதை எடுத்துப்போய்த் தன் கணினியில் நிதானமாக உடைத்துப் பார்க்கலாம். 2013-இலேயே வெளிச்சத்துக்கு வந்த ஓட்டை இது. நெறிமுறையின் வடிவமே இப்படி என்பதால் ஃபர்ம்வேர் (பிஎம்சிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் இதைத் தீர்க்காது. சில பழைய பிஎம்சிகளில் ‘சைஃபர் ஜீரோ’ என்ற அமைப்பும் திறந்திருக்கும். அதன் வழியாக வந்தால் எந்தப் பாஸ்வேர்டு கொடுத்தாலும் உள்ளே விடும். பிரவுசரில் திறக்கும் பிஎம்சியின் வலைப்பக்கமே போதுமென்றால் ‘ஐபிஎம்ஐ ஓவர் லேன்’ வசதியை அணைத்துவிடுங்கள். அந்த வசதி வேண்டுமென்றால் சைஃபர் ஜீரோவை மூடிவிட்டு, 20 எழுத்துள்ள தாறுமாறான பாஸ்வேர்டு வையுங்கள். நெறிமுறை அனுமதிக்கும் உச்ச நீளமே அதுதான். அந்தப் பாஸ்வேர்டை வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது.

ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுத்து, கிடைக்கும் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுபோங்கள். ஐஎல்ஓ 4-இல் 2.53-க்கு முந்தைய பதிப்புகளில், வலைப்பக்கத்துக்கு அனுப்பும் கோரிக்கையின் ஒரு ஹெடரில் ‘ஏ’ என்ற எழுத்தை 29 முறை அனுப்பினாலே பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய முடிந்தது.

இனி நெட்வொர்க். பலர் விழும் குழி ஒன்று உண்டு: “மேனேஜ்மென்ட் போர்ட்டில் (பிஎம்சிக்கென்று உள்ள தனிப் போர்ட்) கேபிளே போடலையே” என்று நிம்மதியாக இருப்பார்கள். சூப்பர்மைக்ரோ போர்டுகள் பலவற்றில், அந்தப் போர்ட் காலியாக இருந்தால் பிஎம்சி தானாகவே சாதாரண லேன் போர்ட்டுக்கு மாறிக்கொள்ளும். அமைப்பில் ‘டெடிகேட்டட்’ என்று மாற்றுங்கள். பிறகு அந்தப் போர்ட்டைத் தனி விலானில் (வீட்டு நெட்வொர்க்கிலிருந்து பிரித்த தனி நெட்வொர்க்) வைத்து, அங்கிருந்து இணையத்துக்குப் போகும் வழியை ரவுட்டரில் அடையுங்கள். பிஎம்சிக்கு போர்ட் ஃபார்வர்டிங் (இணையத்திலிருந்து நேரே உள்ளே வரும் வழி) எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். வெளியிலிருந்து தேவைப்பட்டால் வயர்கார்டு போன்ற விபிஎன் வழியாக வாருங்கள். பழைய பிஎம்சி பக்கத்தைப் புதிய பிரவுசர் திறக்க மறுத்தால், தினமும் பயன்படுத்தும் பிரவுசரின் பாதுகாப்பைத் தளர்த்தாதீர்கள். அதற்கென்று ஒரு மெய்நிகர் கணினி வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய சர்வரில் இத்தனையும் முடிக்க ஒரு மாலைப்பொழுது ஆனது. கடைசியில், வீட்டு வைஃபையில் இருந்த அவர் மொபைலில் பிஎம்சியின் முகவரியைத் திறக்கச் சொன்னேன். திறக்கவில்லை. விபிஎன்னை ஆன் செய்தார், லாகின் பக்கம் வந்தது.