முற்றத்துக்கு ஏன் நாலு மூலை?

நடுவில் வானம் பார்த்த இடம் விட்டுக் கட்டிய வீட்டைக் கொங்குப் பக்கம் தொட்டிக்கட்டு வீடு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அது நாற்சார் வீடு, கேரளத்தில் நாலுகெட்டு. பின்னிரண்டும் சுற்றியுள்ள நாலு பக்கங்களை எண்ணிச் சொன்னவை. தொட்டி என்பதுதான் வேலையைச் சொல்கிறது. நாலு கூரைச் சரிவும் உள்நோக்கி இறங்கி, மழைநீரை முற்றத்தில் கொட்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். உள்சரிவு தரைக்கணக்கில் 100 சதுர மீட்டர் இருந்தால், 20 மில்லிமீட்டர் மழைக்கே 2,000 லிட்டர் வந்து விழும்.

இரண்டு சரிவுகள் சேரும் உள்மூலைதான் இந்தக் கூரையில் வம்பு பிடித்த இடம். ஒழுகினால் முதலில் அங்கேதான் ஒழுகும். முற்றத்தின் மூலை சரியாக 90 பாகையாகவும் சரிவுகள் ஒரே சாய்வாகவும் இருந்தால், மேலிருந்து பார்க்கையில் அந்தச் சேர்க்கைக் கோடு 45 பாகையில் ஓடும். நாலு மூலைக்கும் ஒரே அளவில் மரம் அறுக்கலாம். முற்றம் கோணலாகி இணைகரமாகிவிட்டால் தச்சருக்கு இரண்டு விதக் கணக்கு.

அதனால்தான் கடைக்கால் போடும்போதே மூலைக்கு மூலை நாடா பிடிக்கிறார்கள். 12 அடிக்கு 16 அடி முற்றம் என்றால் இரண்டு மூலைவிட்டங்களும் 20 அடி வர வேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் அது செவ்வகம் இல்லை. மூலைவிட்டம் மட்டும் சமமாக இருந்தாலும் போதாது. இருசமபக்கச் சரிவகத்திலும் அவை சமம்தான். எதிர்ப்பக்கங்களையும் சேர்த்து அளந்தால்தான் கணக்கு முடியும்.

சரி, இந்த வீட்டுக்குள் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது? பாதிக்கு மேல் இரவு வேலை. தெளிந்த வானத்தை நோக்கிக் கூரை ஓடுகளும் தரையும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். ஓடு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். அதைத் தொட்ட காற்று கனத்து, உள்சரிவு வழியே முற்றத்தில் இறங்கும். 35 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.15 கிலோ, 25 பாகையில் 1.18 கிலோ. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் காற்று இறங்க அது போதும். நாலு பக்கமும் அடைப்பு இருப்பதால் அது வெளியே வழிந்தோடாமல் தாழ்வாரத்துக்கும் அறைகளுக்கும் பரவும். தடித்த சுவர்கள் அந்தக் குளிர்ச்சியை முற்பகல் வரை பிடித்து வைக்கும்.

உச்சியில் வெயில் நேரே விழுந்ததும் ஆட்டம் மாறும். சூடான முற்றத்துக் காற்று மேலே எழ, அந்த இடத்தை நிரப்ப நிழலான கொல்லைப் பக்கத்திலிருந்து காற்று உள்ளே வரும். முற்றம் அகலமாகவும் சுவர் குட்டையாகவும் இருந்தால் காலையிலேயே வெயில் தரையைப் பிடித்துக்கொள்ளும். மேகம் மூடிய புழுக்கமான இரவில் மேகமும் நீராவியும் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதால் பெரிய பலன் இருக்காது.

இப்போது பலர் தூசிக்கும் குரங்குக்கும் பயந்து முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடிவிடுகிறார்கள். வெளிச்சம் வரும், சூடான காற்று வெளியேறாது. தரையின் வெப்பம் வானத்துக்குப் போகும் வழியும் பெரும்பாலும் அடைபடும். குரங்குதான் பிரச்சினை என்றால் இரும்புக் கம்பி வலை போதும். அது காற்றை மறிக்காது.