ஷ்கோட்சியான் குகைக்கு நாள் குறிக்குமுன் ஆற்றைப் பாருங்கள்

ஸ்லோவேனியாவின் தென்மேற்கு மூலையில், இத்தாலியின் திரியெஸ்தே நகரத்திலிருந்து காரில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது ஷ்கோட்சியான். ரேக்கா என்ற ஆறு சுண்ணாம்புக்கல் பீடபூமியைத் துளைத்து நிலத்துக்குள் இறங்கும் இடம் இது. 1986-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுக் களமாக அறிவித்தது. 1996-இல் ஸ்லோவேனிய அரசு தனிச் சட்டம் போட்டுச் சுற்றியுள்ள 413 ஹெக்டேரைப் பூங்காவாக்கியது. போக நினைக்கிறவர்கள் வழக்கமாக டிக்கெட் விலையையும் நேர அட்டவணையையும் பார்த்துவிட்டு நாள் குறித்துவிடுகிறார்கள். இங்கே அது போதாது. எந்தப் பாதை திறந்திருக்கும், காலடியில் எவ்வளவு ஈரம் இருக்கும், ஆற்றின் சத்தம் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் முடிவு செய்வது ஆறும் மழையும்தான்.

முதலில் நிலத்தின் அமைப்பு. ரேக்கா தன் பயணத்தின் பெரும்பகுதியை ஃபிளிஷ் எனப்படும் பாறையின் மேல் கழிக்கிறது. மணற்கல்லும் களிக்கல்லும் மாறி மாறி அடுக்கிய பாறை அது, தண்ணீரை உறிஞ்சாது. ஸ்னெஷ்னிக் மலைப்பகுதியில் பெய்யும் மழை அதன்மேல் விழுந்து, ஓடைகளாகச் சேர்ந்து, சில மணி நேரத்தில் ஆற்றை நிரப்பிவிடும். ஷ்கோட்சியான் கிராமத்தை நெருங்கும்போது ஃபிளிஷ் முடிந்து சுண்ணாம்புக்கல் தொடங்குகிறது. அதற்குமேல் ஆறு தரையில் நிற்பதில்லை. கிராமத்துக்கு நேர் கீழே பாறைக்குள் நுழைந்து, இரண்டு பெரும் பள்ளங்களில் வெளிச்சத்துக்கு வந்து, மறுபடி இருட்டுக்குள் போய், ஏறக்குறைய 35 கிலோமீட்டர் நிலத்தடியிலேயே ஓடி, இத்தாலியக் கடலோரத்தில் திமாவோ ஊற்றுகளாக வெளியே வருகிறது. இரண்டும் ஒரே தண்ணீர்தானா என்று உறுதிசெய்ய ஆய்வாளர்கள் சாயமும் உப்பும் கலந்து பார்த்தார்கள். குறியிட்ட விலாங்கு மீன்களைக்கூட விட்டுப் பார்த்தார்கள்.

சுண்ணாம்புக்கல்லைக் கரைப்பது வெறும் தண்ணீர் அல்ல. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு மென்மையான கார்பானிக் அமிலமாகிறது. மேலே உள்ள காற்றைவிட மண்ணுக்குள் இந்த வாயு பல மடங்கு செறிவு. அந்த அமிலம் பாறை விரிசல்களைக் கரைத்து அகலமாக்கும். விரிசல் ஒரு அளவுக்குமேல் விரிந்தால் ஆறே உள்ளே புகுந்துவிடும். அதற்குப் பிறகு கரைப்பதைவிட, மணலையும் கூழாங்கல்லையும் உருட்டி அரைப்பதே ஆற்றின் பெரிய வேலை. ஷ்கோட்சியானின் நிலத்தடிப் பள்ளத்தாக்கு இவ்வளவு பெரிதானதற்கு இந்த இரட்டை வேலைதான் காரணம். பள்ளத்தாக்கின் கடைசியில் உள்ள மார்ட்டெல் மண்டபத்தின் கொள்ளளவு 20 லட்சம் கன மீட்டருக்கும் மேல். ஐரோப்பாவில் அறியப்பட்ட மிகப் பெரிய குகை மண்டபங்களில் அது ஒன்று. சுற்றுலாப் பாதை அதுவரை போவதில்லை.

நாள் குறிப்பதற்கும் இந்த மண்டபத்துக்கும் தொடர்பு இருக்கிறது. இவ்வளவு பெரிய இடத்துக்குள் வரும் ஆறு, அதன் கடைசியில் ஒடுங்கிய வழிகளில்தான் வெளியேற வேண்டும். கோடையில் ரேக்காவின் ஓட்டம் வினாடிக்கு ஒரு கன மீட்டருக்கும் கீழே போவதுண்டு. பெருவெள்ளத்தில் 300 கன மீட்டரைத் தாண்டியிருக்கிறது. ஒடுங்கிய வழி முழுவதும் நிரம்பிவிட்டால், அதில் வெளியேறும் நீர் மேலே நிற்கும் நீர் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். வெளியேற்றம் இரு மடங்காக வேண்டுமானால் உயரம் நான்கு மடங்காக வேண்டும். மும்மடங்குக்கு ஒன்பது மடங்கு. மழை கொஞ்சம் கூடினால் குகைக்குள் மட்டம் மளமளவென்று ஏறுவது இதனால்தான். 1965 வெள்ளத்தில் உள்ளே நீர் 108 மீட்டர் ஏறியது. 1826-இல் 132 மீட்டர் ஏறியதாகப் பதிவு இருக்கிறது. பள்ளத்தாக்கைக் கடக்கும் செர்க்வெனிக் பாலம் ஆற்றுக்குச் சுமார் 45 மீட்டர் மேலே நிற்கிறது. அதை அந்த எண்ணிலிருந்து நேராகக் கழித்துவிடக் கூடாது. வெள்ள அளவுகள் கீழ்ப்பகுதியின் தாழ்ந்த மட்டத்திலிருந்து எடுத்தவை. ஆனாலும் பாலத்தில் நிற்கும்போது இந்த எண் நினைவுக்கு வந்தால் கம்பியைக் கொஞ்சம் கெட்டியாகத்தான் பிடிப்போம்.

இனி மாதம். இந்தப் பக்கத்து மழை இலையுதிர் காலத்தில் உச்சம் தொடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஆறு பெருகும் வாய்ப்பு அதிகம். பனி உருகும் வசந்தத்தில் இன்னொரு ஏற்றம். ஜூலை, ஆகஸ்டில் ஆறு மெலிந்துவிடும். பாதைகள் திறந்திருக்கும் என்ற உறுதி வேண்டுமென்றால் அந்த மாதங்கள் நல்லவை. ஆனால் குகையின் மெய்யான முகம் தண்ணீர் சத்தத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் வெள்ளிக் கோடாகத் தெரியும் கோடை ரேக்காவைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் மே மாதத்தின் பின்பாதியும் ஜூனும் சரியான நடுவழி.

ஸ்லோவேனியாவின் சுற்றுச்சூழல் முகமையான ஆர்சோ தன் இணையதளத்தில் ஆறுகளின் நீர்மட்டத்தையும் ஓட்டத்தையும் தொடர்ந்து வெளியிடுகிறது. குகைக்கு மேலாற்றில் உள்ள அளவீட்டு நிலையத்தின் பெயர் செர்க்வெனிகோவ் மிலின். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து அந்த வரைகோட்டைப் பாருங்கள். கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தால், அன்று ஆற்றோரப் பாதையை நம்பித் திட்டம் போடாதீர்கள். குகையின் வரவேற்பு மையம் இருக்கும் மத்தாவுன் கிராமத்தில் வானம் தெளிவாக இருந்தாலும் மேலே ஸ்னெஷ்னிக் பக்கம் பெய்த மழை வந்துகொண்டிருக்கலாம்.

பாதைகள் மூன்று. முதன்மையானது நிலத்தடிப் பள்ளத்தாக்குச் சுற்று: வழிகாட்டியோடுதான் போக முடியும், வெளியே நடப்பதையும் சேர்த்தால் ஏறக்குறைய 3 கிலோமீட்டர், 500-க்கும் மேற்பட்ட படிகள், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். இரண்டாவது, ஆறு நுழையும் வாயிலிருந்து அதைப் பின்தொடர்ந்து இரண்டு பெரும் பள்ளங்களுக்குள் செல்வது. பொதுவாக ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை. நீர் ஏறினால் முதலில் மூடப்படுவது இதுதான். மூன்றாவது தரைமேல் சுற்றும் கல்விப் பாதை. டிக்கெட் வேண்டாம், வெள்ளக் காலத்திலும் நடக்கலாம், 165 மீட்டர் ஆழமான வேலிக்கா தோலினா பள்ளத்தை விளிம்பிலிருந்து முழுதாகக் காட்டும் பார்வை மேடையும் இதில்தான் இருக்கிறது. உள்ளே இறங்குவதற்கு முன் இதை நடந்துவிட்டால், கீழே எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது பிடிபடும்.

முதன்மைச் சுற்று மத்தாவுன் கிராமத்து வரவேற்பு மையத்தில் தொடங்குகிறது. பத்து நிமிட நடையில் ஒரு பள்ளத்துக்கு இறங்கி, 1933-இல் வெட்டிய செயற்கைச் சுரங்கம் வழியாக உள்ளே போகிறோம். முதலில் வருவது அமைதிக் குகை. ஆறு எப்போதோ கைவிட்ட பகுதி என்பதால் சொட்டும் நீருக்கு நேரம் கிடைத்திருக்கிறது. கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளும் தரையிலிருந்து எழும் கல்முளைகளும் இங்கேதான். அரக்கன் என்று பெயர் வைத்திருக்கும் கல்முளை 15 மீட்டர் உயரம். இந்தத் தட்பவெப்பத்தில் கல்முளை ஆண்டுக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவில் வளர்ந்தால் நல்ல வளர்ச்சி. தொடாதே என்ற விதி இதற்காகத்தான். விரல் எண்ணெய் படிந்த இடத்தில் புதிய கால்சைட் (சுண்ணாம்புப் படிகம்) ஒட்டாது, அழுக்கு மட்டும் ஒட்டும்.

இரண்டாம் பாதி முற்றிலும் வேறு. காது முதலில் உணரும், பிறகுதான் கண். சுவர்கள் நூறு மீட்டருக்கும் மேலே போகும் பள்ளத்தாக்கு, அதன் விலாவில் செதுக்கிய நடைபாதை, கீழே ஆறு. எதிர்ச் சுவரில் இன்னும் கீழே பாருங்கள்: பாறையில் வெட்டிய குறுகலான படிகளும் இரும்பு முளைகளும் தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் ஹாங்கே, மரினிட்ச், முல்லர் ஆகிய மூன்று குகை ஆய்வாளர்களும் உள்ளூர் ஆட்களும் ஒவ்வொரு அருவியாகக் கடந்து முன்னேறியபோது போட்ட வழி. பெருகும் ஆற்றிலிருந்து மேலே தப்பி ஏறவும் அது வேண்டியிருந்தது.

பாலம் தாண்டியதும் வரும் படிக்குளங்களில் பலர் நிற்காமல் போய்விடுகிறார்கள். மெல்லிய சுண்ணாம்பு வரம்பு கட்டிய வயல் போல, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிண்ணங்கள். குளத்தின் நடுவில் நீர் தேங்கி நிற்கிறது. விளிம்பைத் தாண்டும்போது மிக மெல்லிய படலமாகி வேகமெடுக்கிறது. மெல்லிய படலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு எளிதில் வெளியேறும். வாயு போனதும் கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கேயே படியும். அதனால் விளிம்பு மட்டும் வளர்கிறது. ஓரிடத்தில் விளிம்பு தாழ்ந்திருந்தால் அங்கே அதிக நீர் வழிந்து, அதிகச் சுண்ணாம்பு படிந்து, தாழ்வு தானே நிரம்பிவிடும். வரம்புகள் மட்டம் பார்த்துக் கட்டியதுபோல் இருப்பதன் ரகசியம் இது.

பள்ளத்தாக்குச் சுற்றின் நிலத்தடிப் பகுதியில் படம் எடுக்க அனுமதி இல்லை. ஈரப் பாதையில் திரையைப் பார்த்துக்கொண்டே நடப்பவர் தனக்கும் பின்னால் வருபவருக்கும் ஆபத்து. ஒருவர் நின்றால் வரிசையே நிற்கும். விளக்குகளையும் வேண்டிய இடத்துக்கு மட்டும் போட்டு அணைக்கிறார்கள். எந்தக் குகையிலும் விளக்கு அதிக நேரம் எரிந்தால் அதைச் சுற்றிப் பாசி, பிறகு பாசிச்செடி, கடைசியில் பெரணி என்று வரிசையாக முளைக்கும். அவை சுரக்கும் அமிலம் படிவங்களை அரிக்கும், பச்சைக் கறையும் எளிதில் போகாது. மனிதர்களும் ஒரு சுமைதான். ஒவ்வொருவரும் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளிவிடுகிறோம். ஐம்பது பேர் கொண்ட குழு என்றால் 5 கிலோவாட் ஹீட்டர் நடந்து போவதற்குச் சமம். ஆற்றோரப் பள்ளத்தாக்கில் காற்றோட்டம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். அமைதிக் குகை போன்ற மூடிய பகுதிகளில்தான் கவலை.

உள்ளே ஆண்டு முழுவதும் சுமார் 12 டிகிரி செல்சியஸ். பத்திருபது மீட்டர் பாறைக்குக் கீழே கோடையும் குளிரும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுவதால் மிஞ்சுவது அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை. ஆனால் ஆறு ஓடும் பகுதிக்கு வெளிக்காற்று புகும். ஜனவரியில் அங்கே இன்னும் குளிரும். ஈரப்பதம் ஏறக்குறைய முழு அளவு என்பதால் வியர்வை உலராது. ஒரே தடித்த கோட்டைவிட மெல்லிய சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்குமேல் நீர் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு நல்லது. அமைதிக் குகையில் நின்று விளக்கம் கேட்கும்போது ஸ்வெட்டர் வேண்டும். படிகள் ஏறும்போது கழற்ற வேண்டும். காலணிக்கு ஆழமான வரிகள் வெட்டிய ரப்பர் அடி கட்டாயம். வழுவழுப்பான அடி கொண்ட ஸ்னீக்கரும் செருப்பும் ஈரக் கான்கிரீட்டில் சறுக்கும். கைப்பிடி பிடிக்க ஒரு கை எப்போதும் காலியாக இருக்கட்டும். கைக்குழந்தையை முதுகுப்பையில் சுமக்கலாம். தள்ளுவண்டிக்கு இந்தப் படிகளில் வழியே இல்லை.

கண்ணாடி அணிபவர்களும் படம் எடுப்பவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று. கோடையில் குகைக்குள் போகும்போது லென்ஸில் ஆவி படியாது. வெளியே வரும்போதுதான் படியும். இரண்டு மணி நேரத்தில் 12 டிகிரிக்குக் குளிர்ந்த கண்ணாடி, வெப்பமான ஈரக் காற்றைச் சந்திக்கிறது. நிலத்தடிப் பகுதி முடிந்து வெளியே வரும் ஷ்மிடல் மண்டப வாயில்தான் படம் எடுக்க மிகச் சிறந்த இடம், அது அந்த நிமிடத்தில்தான் வருகிறது. போனை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. குளிர்காலத்தில் கதை தலைகீழ்: நுழையும்போது மங்கும்.

வேலிக்கா தோலினாவின் அடியில் செடிகளையும் கவனியுங்கள். குளிர்ந்த காற்று கனமானது. பள்ளத்தின் அடியில் தேங்கிவிடும். ஆல்ப்ஸ் மலை உச்சியில் வளரும் ஒரு மஞ்சள் பிரிமுலாச் செடி கீழே இருக்கிறது. வெயில் படும் வெதுவெதுப்பான சுவரில் மத்தியதரைக் கடல் பக்கத்து வீனஸ் கூந்தல் பெரணி. பொதுவாக மலை ஏற ஏறக் குளிரும். இங்கே இறங்க இறங்கக் குளிர்கிறது. மேலே திரும்ப லிப்ட் உண்டு. அதற்குக் காத்திருக்கும் வரிசை கோடையில் நீளும் என்பதால் ரயில் நேரத்தை நெருக்கமாக வைக்காதீர்கள்.

தலைநகர் லூப்லியானாவிலிருந்து திவாச்சாவுக்கு ரயில் இருக்கிறது. நிலையத்திலிருந்து குகைக்குச் சுமார் 3 கிலோமீட்டர். குறியிட்ட காட்டுப் பாதையில் 40 நிமிட நடை. காரில் வருவோர் ஸ்லோவேனிய நெடுஞ்சாலைக்கான மின்வில்லையை (சாலைக் கட்டணத்துக்கான மின்னணு அனுமதி) முன்கூட்டியே இணையத்தில் வாங்க வேண்டும். திரியெஸ்தேயிலிருந்து வந்தாலும் விலக்கில்லை. எல்லையில் சோதனை இருக்கலாம், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கோடையில் ஏறக்குறைய மணிக்கொரு குழு புறப்படும். குளிர்காலத்தில் நாளுக்கு இரண்டு மூன்றுதான். அப்போது ஒன்றைத் தவறவிட்டால் பாதி நாள் போய்விடும்.

முழங்கால் வலி உள்ளவர்களோ வயதானவர்களோ உடன் இருந்தால், அரை மணி நேரத் தொலைவில் உள்ள போஸ்தோய்னாவை முதலில் வையுங்கள். 1872 முதல் உள்ளே ரயில் ஓடுகிறது, நடை பெரும்பாலும் சமதளம், 10 டிகிரி. படிவங்களின் செழுமையில் அது மேல். பிரம்மாண்டத்தில் ஷ்கோட்சியான் மேல். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதானால் காலையில் ஷ்கோட்சியான், பிற்பகலில் போஸ்தோய்னா. படிகளைக் கால் களைத்த பிறகு வைத்துக்கொள்ளக் கூடாது. பள்ளத்தாக்கு வெள்ளத்தால் மூடியிருந்தால், கல்விப் பாதையை நடந்துவிட்டு இத்தாலிப் பக்கம் துயினோ அருகே உள்ள திமாவோ ஊற்றுகளுக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, வெள்ளம் வந்த சில நாட்களுக்கு ஊற்று கலங்கிப் பொங்கும்.