ரிவால்வர் குழலில் ஈயம் படிவது ஏன்?

அமெரிக்காவில் ரிவால்வர் வைத்திருப்பவர்களில் ஒரு சாரார், ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றித் தாங்களே குண்டு வார்த்து, தோட்டாவையும் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். அவர்களின் தீராத தலைவலி, சுட்டு முடித்ததும் குழலின் உட்சுவரில் ஒட்டிக்கிடக்கும் ஈயப் பூச்சு. அது சேரச் சேரக் குறி தவறும்.

ஈயம் மென்மையானது, 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுவது. ஆகவே கடினமான கலவையில் வார்த்தால் போதும் என்பதுதான் வழக்கமான ஆலோசனை. பாதி சரி, பாதி தவறு. குண்டு குழலைக் கடக்க ஆகும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். அதற்குள் முழுக் குண்டும் உருக வழியில்லை. உண்மையான குற்றவாளி, குண்டுக்கும் குழலுக்கும் இடையே கசியும் வாயு. வெடிமருந்து எரியும் வெப்பம் இரண்டாயிரம் டிகிரியைத் தாண்டும். மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் அந்த வாயு, குண்டின் விளிம்பை அரித்து, ஈயத் துகள்களை முன்னே வீசிச் சுவரில் அப்பிவிடும். பின்னால் வரும் குண்டுகள் அதை இஸ்திரி போட்டதுபோல் அழுத்தித் தேய்க்கின்றன.

எனவே முதலில் பார்க்க வேண்டியது அளவு. .357 மேக்னம் என்ற தோட்டா வகைக்கான குழலில், உட்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளங்களின் அடிவரை அளந்த விட்டம் வழக்கமாக 0.357 அங்குலம், வார்ப்புக் குண்டை 0.358 அங்குலத்துக்கு வைப்பார்கள். ரிவால்வரில் இன்னொரு சிக்கலும் உண்டு. குண்டு புறப்படுவது குழலிலிருந்து அல்ல, சுழல் உருளையின் அறையிலிருந்து. அந்த அறையின் முன்வாய் குழலைவிடக் குறுகலாக இருந்தால், எவ்வளவு பெரிதாக வார்த்தாலும் குண்டு அங்கேயே இறுக்கப்பட்டுச் சிறுத்துவிடும். அதன்பின் குழலுக்குள் வாயு தாராளமாகக் கசியும். கலவையை மாற்றி மாற்றிப் பார்த்தும் ஈயம் குறையவில்லை என்றால், என் சந்தேகம் முதலில் இந்த முன்வாய் மீதுதான்.

கடினத்தன்மைக்கு வருவோம். உலோகத்தின் கடினத்தைக் குறிக்கும் பிரினெல் எண், தூய ஈயத்துக்குச் சுமார் 5. அச்சகங்களில் புழங்கிய லைனோடைப் உலோகத்தில் 12 சதவீதம் ஆன்டிமனியும் 4 சதவீதம் வெள்ளீயமும் இருப்பதால் அதன் எண் 22 வரை போகும். ஆனால் அழுத்தம் குறைந்த தோட்டாவில் அவ்வளவு கடினமான குண்டு கெடுதலே செய்யும். மென்மையான குண்டின் அடிப்பகுதி அழுத்தத்தில் சற்றே விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும், கடினமானது விரியாது. அழுத்தம் மிகுந்தால் கதை தலைகீழ்: மென்மையான ஈயம் குழலின் சுருள் பள்ளங்களைப் பற்ற முடியாமல் வழுக்கும். வேகமான குண்டுகளின் அடியில் சிறு செப்புக் கிண்ணம் பொருத்துவது வாயுவின் அரிப்பைத் தடுக்கத்தான்.

குண்டின் வரிப்பள்ளங்களில் தேன்மெழுகு கலந்த உயவுப் பசை நிரப்புவதும் உதவும். அளவு பொருந்தாத இடத்தில் அதனால் பெரிய பலன் இல்லை.

படிவு இருக்கும் இடமே நோயைச் சொல்லும். குழலின் தொடக்கத்தில் என்றால் பெரும்பாலும் வாயுக் கசிவு. வாய்ப்புறத்தில் என்றால் பசை வழியிலேயே தீர்ந்திருக்கும். அடுத்த குண்டை வார்ப்பதற்கு முன், தோட்டாக்களை எல்லாம் அகற்றிய துப்பாக்கியின் குழலில் மென்மையான ஈயத் துண்டு ஒன்றைத் தள்ளியெடுத்து, மைக்ரோமீட்டரால் அளந்து, ஒவ்வோர் அறையின் முன்வாயோடும் ஒப்பிடலாம். குறுகலாக இருக்கும் அறையைத் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் சீராகக் குடைந்து தருவார்.