பாரசிட்டாய்டு: 'ஒட்டுண்ணி' என்றால் போதுமா?

'கரியமில வாயு கூடினால் ஒட்டுண்ணிகள் என்னவாகும்?' என்று ஒரு கட்டுரை தொடங்கினால், பலருக்கும் மாட்டின் காதில் தொங்கும் உண்ணிதான் நினைவுக்கு வரும். கட்டுரையோ பயிரைக் காக்கும் குளவியைப் பற்றியதாக இருக்கும். அந்த வகைக் குளவிகளுக்குத்தான் ஆங்கிலத்தில் 'பாரசிட்டாய்டு' என்று பெயர்.

கிரேக்கத்தில் 'பரா' என்றால் பக்கத்தில், 'சிட்டோஸ்' என்றால் தானியம், உணவு. அடுத்தவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள்தான் 'பரசிட்டோஸ்'. உயிரியலுக்கு அந்தச் சொல் பிற்பாடுதான் வந்தது. அதோடு 'போன்றது' எனப் பொருள்படும் விகுதியைச் சேர்த்து 'பாரசிட்டாய்டு' என்ற சொல்லை 1913இல் ஜெர்மன் மொழியில் எழுதிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஃபின்லாந்துப் பூச்சியியலாளர் ரியூட்டர்.

புதுச்சொல் எதற்கு? பேனுக்கும் உண்ணிக்கும் நாம் உயிரோடு இருந்தால்தான் பிழைப்பு. பாரசிட்டாய்டு அப்படியில்லை, வளர்ந்து முடிக்கும்போது இடம்கொடுத்த பூச்சியைத் தீர்த்துவிடும். கரும்புத் தோட்டத்தில் இடைக்கணுப் புழுவுக்காகக் கட்டும் டிரைக்கோகிரம்மா என்ற குட்டிக் குளவியின் அட்டையைப் பாருங்கள். அதில் ஒட்டியிருப்பவை அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள். குளவி உள்ளே முட்டையிட்டுவிட்டால் சில நாளில் அவை கறுத்துவிடும். அதிலிருந்து அந்துப்பூச்சி வராது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவிதான் வரும். அது இடைக்கணுப் புழு இனத்தின் முட்டைகளுக்கும் அதே கதியைத் தரும்.

இந்த வேறுபாடு கரியமில வாயு விஷயத்தில் முக்கியமாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 280 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்கு) அளவில் இருந்த வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நெல், பருத்தி, சோயா போன்றவை அதனால் செழிக்கின்றன. ஆனால் இலையில் மாவுச்சத்து ஏறி, தழைச்சத்து நீர்த்துப்போகிறது. புழுவுக்கு வயிறு நிறைந்தாலும் சத்து போதாது, அதனால் இன்னும் தின்னும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோயாவைத் திறந்த வயலிலேயே 550 பிபிஎம் காற்றில் வளர்த்தபோது, பருவத் தொடக்கத்தில் பூச்சிச் சேதம் 57 சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்தச் செடிகளின் தற்காப்புச் சமிக்ஞைகளும் மந்தமாகியிருந்தன.

அப்புறம் குளவியின் கதை. பொறிவண்டுக்கு ஓர் அசுவினி சரியில்லை என்றால் அடுத்தது இருக்கிறது. பாரசிட்டாய்டின் குஞ்சுக்கு அந்த ஒரே புழுதான் வீடும் சாப்பாடும். புழு நோஞ்சானாக இருந்தால் குளவியும் சிறுத்துப்போகலாம். கடிபட்ட செடி விடும் வாசனையை வைத்துத்தான் பல குளவிகள் இரையைத் தேடுகின்றன. அந்த வாசனைக் கலவையும் மாறக்கூடும். மறுபக்கம், சத்துக்குறைவால் புழு மெதுவாக வளர்ந்தால் குளவியிடம் மாட்டும் நாட்களும் கூடும். ஆகவே 'புழுவின் எதிரிகள் அழியும்' என்றோ 'பெருகும்' என்றோ ஒரே போடாகப் போடுவதை நான் நம்பமாட்டேன்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? வேளாண் துறையில் புழங்கும் 'முட்டை ஒட்டுண்ணி', 'புழு ஒட்டுண்ணி' ஆகியவை நல்ல சொற்கள். யாரைத் தாக்குகிறது என்பது முன்சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. பொதுவாக எழுதும்போது வெறும் 'ஒட்டுண்ணி' போதாது. 'கொல்லும் ஒட்டுண்ணி' என்பது என் பரிந்துரை. பொறிவண்டு, சிலந்தி வகைக்கு 'இரைவிழுங்கி' ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அதில் கைவைக்க வேண்டாம்.