ஏரி சராசரியில் வாழ்வதில்லை

ஏரி நிர்வாகக் கூட்டங்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "பாஸ்பரஸ் எவ்வளவு வருது? ஒரே எண்ணாச் சொல்லுங்க." கழிவுநீரிலும் வயல் உரத்திலும் வரும் பாஸ்பரஸ்தான் ஏரியில் பாசியை வளர்த்துத் தண்ணீரைக் கெடுக்கிறது. ஒரு எண் சொன்னால் எல்லாரும் குறித்துக்கொள்வார்கள். இதிலிருந்து இதுவரை இருக்கலாம் என்றால் முகம் சுருங்கும். "அப்போ இன்னும் ரெண்டு வருஷம் ஆய்வு பண்ணிட்டு வாங்களேன்."

அந்த இரண்டு வருஷத்துக்கும் விலை உண்டு. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அமெரிக்காவில் சியாட்டிலை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் கலந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே தண்ணீர் தெளிந்தது. மினசோட்டாவின் ஷகாவா ஏரியிலும் 1973-ல் கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸை நீக்கத் தொடங்கினார்கள். அங்கே எதிர்பார்த்த வேகத்தில் தெளியவில்லை. பழைய வண்டல் கோடைதோறும் பாஸ்பரஸைக் கக்கிக்கொண்டிருந்தது. அடிநீரில் ஆக்சிஜன் இருக்கும்வரை வண்டலின் இரும்பு பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கும். பாசி செத்து அடியில் மக்கும்போது ஆக்சிஜன் தீரும், இரும்பின் பிடி தளரும், பாஸ்பரஸ் மேலே வந்து அடுத்த பாசிக்குத் தீனியாகும். இந்தச் சுழலுக்குள் போய்விட்ட ஏரிக்கு வெளியிலிருந்து வரும் பாஸ்பரஸைக் குறைத்தால் மட்டும் போதாது.

உங்கள் ஏரி எந்த ரகம்? முன்கூட்டி அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் முடிவெடுக்க அது அவசியமா என்பதுதான் என் கேள்வி.

ஒரு கணக்குப் போடுவோம். இப்போதே பாஸ்பரஸ் வரத்தைத் தடுக்கச் செலவு 40, தடுத்தால் ஏரி தப்பிவிடும் என்று வையுங்கள். தடுக்காமல் விட்டு ஏரி கெட்டால் இழப்பு 200. கெடும் வாய்ப்பு 20 சதவீதத்தைத் தாண்டினாலே தடுப்பதுதான் லாபம், ஏனென்றால் 200-ல் 20 சதவீதம் 40. ஒரு நிபுணர் 30 என்கிறார், இன்னொருவர் 70 என்கிறார். இருவரும் மணிக்கணக்கில் சண்டை போடலாம், முடிவு ஒன்றுதான். ஒருவர் 10, மற்றவர் 40 என்றால்தான் மேற்கொண்டு அளப்பதில் அர்த்தம் இருக்கிறது. அப்போதும் எல்லாவற்றையும் அளக்க வேண்டாம். கோடையில் அடிநீர் ஆக்சிஜனும் வண்டலில் உள்ள பாஸ்பரஸும் பெரும்பாலும் அந்தச் சந்தேகத்தைக் குறைத்துவிடும். (இழப்பு 200 என்பதே ஊகம்தானே என்பீர்கள். ஆமாம். அதை 100 என்றும் 400 என்றும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், முடிவு எங்கே புரள்கிறது என்று தெரியும்.)

இதை நானும் தப்பு செய்துதான் கற்றேன். ஆரம்ப நாட்களில் ஓர் ஏரிக்கு எவ்வளவு பாஸ்பரஸ் வரும் என்று கணிக்கும் கணக்கு மாதிரி (model) தயாரித்தபோது சராசரி ஆண்டு மழையைப் போட்டேன். வரைபடத்தில், ஏரி தாங்கும் பாஸ்பரஸ் எல்லைக்குக் கீழே அழகாக ஒரு கோடு ஓடியது; அறிக்கையும் ஏற்கப்பட்டது. வயல் உரத்தையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு வருவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெருமழை நாட்கள்தான் என்பது அந்தக் கோட்டில் தெரியவே இல்லை. பிறகு அதே மாதிரியில், பதிவாகியிருந்த மழை ஆண்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டினேன். ஒரு கோடு இருந்த இடத்தில், ஆண்டுக்கு ஒன்றாகக் கோடுகளின் கற்றையே வந்தது. அதில் கணிசமானவை எல்லைக்கு மேலே போயின.

இப்போதெல்லாம் கூட்டத்துக்கு அந்தக் கற்றையைத்தான் எடுத்துப் போகிறேன். "ஒரே எண்ணாச் சொல்லுங்க" என்று கேட்டால், எத்தனை கோடுகள் எல்லையைத் தாண்டுகின்றன என்று எண்ணிச் சொல்கிறேன்.