உடைந்த ஊசியை ஏன் மறைக்கிறார்கள்? தையல் கூட மேலாளர்களுக்குச் சில வார்த்தைகள்

தையல் மிஷினில் ஊசி உடைவது அன்றாடம் நடப்பது. துணியின் கனம் கூடும் மூட்டுகளில் உடையும். ஊசி தேய்ந்திருந்தாலோ, துணியைச் சற்று இழுத்துத் தைத்தாலோ உடையும். ஏற்றுமதி செய்யும் பின்னலாடை நிறுவனங்களில் இதற்கென ஒரு நடைமுறை உண்டு. ஊசி உடைந்தவுடன் டெய்லர் மிஷினை நிறுத்த வேண்டும்; துண்டுகளைத் தேடி எடுத்து, அவை சேர்ந்து ஒரு முழு ஊசியாகின்றனவா என்று பார்த்து, பதிவேட்டில் ஒட்டி, மிஷின் எண்ணையும் நேரத்தையும் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே புது ஊசி தரப்படும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த மிஷினைச் சுற்றியுள்ள பீஸ்கள் அனைத்தையும் ஒதுக்கிச் சோதிக்க வேண்டும்.

திருப்பூரில் தொழிலாளர் நல அலுவலராகப் பதினெட்டு ஆண்டுகளாகப் பணியாற்றும் எனக்கு, பணியிட இணக்கத்தைப் பற்றிய முக்கியமான பாடம் இந்தப் பதிவேட்டிலிருந்துதான் கிடைத்தது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பேக்கிங்குக்கு முன் மெட்டல் டிடெக்டரில் குழந்தைகளுக்கான சட்டை ஒன்று சிக்கியது. கழுத்துப் பட்டியின் தையலுக்குள் ஊசி முனை இருந்தது. சட்டை வந்த கட்டின் பண்டல் எண்ணை வைத்து, அது தைக்கப்பட்ட லைனையும் (மிஷின் வரிசை) மிஷினையும் கண்டுபிடித்தோம். அங்கே தைத்துக்கொண்டிருந்த இருபது வயதுப் பெண், உடைந்த ஊசியின் மேல்பாகத்தைத் தன் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, பக்கத்து மிஷினில் இருந்தவரிடம் ஓர் ஊசியை வாங்கிப் போட்டு வேலையைத் தொடர்ந்திருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது அவர் தந்த பதில் ஒன்றுதான்: "சொன்னா எல்லாருக்கும் முன்னாடி அசிங்கமாப் பேசுவாருங்க மேடம்." அதே வாரத்தில் இன்னொரு பெண் ஊசி உடைந்ததை முறையாகப் போய்ச் சொன்னதையும், அதற்குச் சூப்பர்வைசரிடமிருந்து அவருக்குக் கிடைத்த வசவையும் லைனில் இருந்த முப்பது பேரும் கேட்டிருந்தார்கள்.

அந்தப் பெண்ணைக் கணக்கு முடித்து அனுப்பிவிட வேண்டும் என்றுதான் நிர்வாகத்தில் முதலில் பேசினார்கள். நான் அதை எதிர்த்தேன். அவர் போய்விட்டால் மறைத்தவர் ஒருவர் போவாரே தவிர, மறைக்க வைத்த காரணம் லைனிலேயே இருக்கும். அதே நேரத்தில், அந்தச் சூப்பர்வைசரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டுக் கடந்து போகவும் எனக்கு மனம் வரவில்லை. ஆறு ஆண்டுகள், கீழ்மடிப்பு போன்றவற்றைத் தைக்கும் பேட்லாக் மிஷினில் மிக நன்றாகத் தைத்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பதவி கொடுக்கப்பட்டது. கை வேகத்துக்காகக் கொடுத்த பதவி அது. முப்பது பேரை எப்படி நடத்துவது என்று அவருக்கு யாரும் ஒரு மணி நேரம் கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. தன்னை ஏசி வேலை வாங்கியவர்களைப் பார்த்து அவர் கற்றுக்கொண்டதைத்தான் அவரும் செய்தார்.

ஏச்சு எங்கிருந்து புறப்படுகிறது என்பதையும் மேலாளர்கள் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நூல் வரத் தாமதம், சாயப்பட்டறையில் ஷேடு மாறித் திரும்பிய துணி, ஆர்டர் கொடுத்த பையர் கடைசி நேரத்தில் மாற்றிய லேபிள் என இழந்த நாட்கள் எல்லாம் தையலுக்கு ஒதுக்கிய நாட்களிலிருந்துதான் கழிக்கப்படுகின்றன. கப்பல் தேதி அப்படியே இருக்கும். அது தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும், அந்தச் செலவு ஆர்டரின் இலாபத்தையே விழுங்கிவிடக்கூடும் என்ற பயம் முதலாளியிடமிருந்து உற்பத்தி மேலாளருக்கும், அவரிடமிருந்து ஃப்ளோர் இன்சார்ஜுக்கும், அங்கிருந்து சூப்பர்வைசருக்கும் இறங்கி, கடைசியில் மிஷின் முன் குனிந்திருப்பவரிடம் வந்து நிற்கிறது. அவருக்குக் கீழே யாரும் இல்லை. மேலாளர் என்பவர் இந்த நெருக்கடியைத் தம்மிடம் நிறுத்தி, அதை ஒரு வேலைத் திட்டமாக மாற்றிக் கீழே தர வேண்டியவர்: எந்த ஸ்டைல் இரண்டு நாள் காத்திருக்கலாம், எந்த லைனுக்கு இன்னொரு மிஷின் வேண்டும், எந்தத் தேதியைப் பற்றிப் பையரிடம் இன்றே பேசிவிட வேண்டும் என்று முடிவு செய்வது அவருடைய வேலை. வந்த கோபத்தை வந்தபடியே கீழே கடத்துவதற்கு ஒரு மேலாளர் தேவையில்லை.

அந்த நிறுவனத்தில் நாங்கள் செய்த மாற்றங்கள் மிகச் சிறியவை. தவறு ஒன்று தெரிய வரும்போது சூப்பர்வைசர் கேட்கும் முதல் கேள்வி "யார் செஞ்சது?" என்று இருக்கக் கூடாது, "எந்த மிஷின்ல, எத்தனை மணிக்கு?" என்றே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். முதல் கேள்வி ஆளைத் தேடுகிறது, ஆள் ஒளிந்துகொள்கிறார். இரண்டாவது கேள்வி சட்டையைத் தேடுகிறது, சட்டை கிடைத்துவிடுகிறது. திருத்த வேண்டியிருந்தால் லைனை விட்டுத் தள்ளி அழைத்துப் போய்த் தனியாகச் சொல்ல வேண்டும், வயதில் சிறியவராக இருந்தாலும் "வாம்மா, போம்மா" என்ற மரியாதை குறையக் கூடாது, ஊசி உடைந்ததைச் சொன்னவரின் மிஷின் நின்ற நேரத்தை அவருடைய டார்கெட்டிலிருந்து கழித்துவிட வேண்டும் என்பவை மற்ற விதிகள். கடைசியாகச் சொன்னதற்கு உற்பத்திப் பிரிவில் கடும் எதிர்ப்பு இருந்தது. ஆனால் அதுதான் பலன் தந்தது என்பது என் கருத்து. உண்மையைச் சொன்னால் கூலியில் அடி விழும் என்ற நிலையை வைத்துக்கொண்டு, சுவரில் எத்தனை வாசகங்கள் எழுதி வைத்தாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தொழிலாளர்களுக்கு இடையே வரும் சண்டைகளையும் இதே கண்ணோடு பார்க்கப் பழக வேண்டும். ஒருமுறை, துணி ஓரங்களை இணைத்துத் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் இருந்த ஒரு அக்காவுக்கும் அவருக்கு அடுத்துக் கீழ்மடிப்புத் தைத்த பெண்ணுக்கும் பேச்சு முற்றி, இருவரும் என் அறைக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் வேண்டுமென்றே பீஸைக் குவிக்கிறார் என்று மற்றவர் குற்றம் சாட்டினார். ஊர்ப் பேச்சும் உறவுப் பேச்சும்கூட நடுவில் வந்து விழுந்தன. மறுநாள் காலை ஒரு மணி நேரம் லைனில் நின்று, ஒவ்வொரு வேலைக்கும் பத்துப் பீஸ் வீதம் கடிகாரம் பார்த்துக் குறித்தேன். இரண்டு ஓவர்லாக் மிஷின்களிலிருந்து வரும் வேலை ஒரே ஒரு பேட்லாக்கில் வந்து விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் அவர் முன்னால் மலை ஏறும். குவியலைப் பார்க்கும் சூப்பர்வைசர் அவரை ஏசுவார். அவர் திரும்பி முன்னால் இருப்பவரை ஏசுவார். இன்னொரு பேட்லாக்கைக் கொண்டுவந்து போட்ட பிறகு அந்த வாரத்திலேயே இருவரும் மதியச் சாப்பாட்டுக்கு மறுபடியும் ஒன்றாக அமர்ந்தார்கள்.

எல்லாவற்றையும் இப்படிப் பேசித் தீர்த்துவிடலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரட்டை அர்த்தப் பேச்சு, தொடுதல், ஓவர்டைம் தருகிறேன் என்று சொல்லி நெருங்குதல் போன்றவை "இணக்கம்" என்ற பெயரில் மேலாளர் அறையில் சமாதானம் செய்து வைக்கத் தக்கவை அல்ல. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் பணிபுரியும் ஒவ்வொரு நிறுவனத்திலும், பெண் ஒருவரைத் தலைவராகவும் வெளியிலிருந்து ஓர் உறுப்பினரையும் கொண்ட உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகார் தந்த பெண்ணே கேட்டால் ஒழியச் சமரசம் பேசக் கூடாது. அப்போதும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது. இந்தக் குழுவின் பெயர்ப் பட்டியல் அலுவலக வாசலில் மாட்டப்பட்டிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். டெய்லர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. பெண்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில், தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அது இருக்க வேண்டும். புகார்ப் பெட்டியையும் அங்கேயே வையுங்கள். கண்காணிப்புக் கேமராவுக்கு நேர் கீழே வைத்த பெட்டியைத் திறந்து பார்த்து, யாருக்கும் குறை இல்லை என்று நம்புவது தவறு.

2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களில் குறைதீர்ப்புக் குழுவையும், மொத்தத் தொழிலாளர்களில் பெண்கள் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ அந்த அளவுக்குக் குறையாமல் அதில் பெண்களையும் கேட்கிறது. எங்கள் ஊர்த் தையல் கூடங்களில் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் இருப்பதால், இதை முழுமையாகச் செய்தாலே கூட்டத்தில் பேசப்படும் விஷயங்கள் மாறிவிடும். குடிநீர், கழிப்பறைக்குப் போக அனுமதி, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கிடைக்கும் விடுப்பு ஆகியவை அங்கே வந்து சேரும்.

விடுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தவர்கள் கேட்காமலே நின்றுவிடுவார்கள். காலையில் லைனில் மிஷின் காலியாக இருக்கும்போதுதான் மேலாளருக்குத் தெரியும். பீகாரிலிருந்து வந்தவர்களுக்குத் தீபாவளியைவிட அதற்கு ஆறு நாட்கள் கழித்து வரும் சத் பூஜை பெரிது. ரயில் டிக்கெட்டை மாதக் கணக்கில் முன்கூட்டி எடுக்க வேண்டிய அவர்களிடம், யார் யார் எப்போது போய் எப்போது திரும்புவார்கள் என்று ஆகஸ்டிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டால், அக்டோபர், நவம்பரில் ஷிப்மென்ட்டும் பாழாகாது, பொய்க் காரணங்களும் வராது.

இதைப் படிக்கும் மேலாளர்கள் நாளைக் காலை தங்கள் கூடத்தின் ஊசிப் பதிவேட்டை எடுத்து, லைன் வாரியாக ஒரு மாதப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அதிகமாக ஒட்டியிருக்கும் லைனின் மிஷின்களை மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதமாக ஓர் ஊசிகூட உடையாத லைன் ஏதேனும் இருந்தால், அங்கே நீங்களே போய், சூப்பர்வைசர் இல்லாத நேரத்தில், டெய்லர்களுடன் அமர்ந்து பேசுங்கள்.